ஒரு நபரால் தள்ளப்படும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதி வைக்கும் அளவுக்கு என் நாட்களில் ஒன்றும் கிடையாது. இந்த நோட்டும் எனக்காக வாங்கியதல்ல. முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கத் தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர் போட்டு அச்சடித்ததில் மீந்தது. ஆனால் ஆபீசில் நான் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. பேச வராதவள் எழுதித்தான் தொலைக்க வேண்டும்.

விஷயம் இதுதான். பிரசவம் முடிந்த பெண்களின் மணிக்கட்டில் கட்டும் பட்டை ஒன்றை எங்கள் கம்பெனி செய்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நாடித்துடிப்பை எடுத்து, செல்போன் டவர் வழியாக டாக்டரின் போனுக்கு அனுப்பும். ஆபத்தான அளவு என்றால் பட்டையே கூவி அழைக்கும். இதற்குப் பேடண்ட் கேட்டு முழு விண்ணப்பத்தை ஜூன் 27க்குள் போட்டாக வேண்டும். இன்று வெள்ளைப் பலகையில் ‘கண்டுபிடிப்பாளர்கள்’ என்று தலைப்பிட்டு நான்கு பெயர்களை எழுதியிருக்கிறார்கள்.

ஒன்று, கம்பெனியைத் தொடங்கிய விஸ்வேஷ். இரண்டு, அவர் மனைவியின் தம்பி நிகில். மூன்று, ஆலோசகராக இருக்கும் மகப்பேறு டாக்டர். நான்கு, பெரிய முதலீட்டாளரின் மகன். அவன் கனடாவில் படிக்கிறான். பட்டையைப் போட்டோவில் பார்த்திருப்பான் என்று நம்புகிறேன். நிகில் என்ன கண்டுபிடித்தான் என்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். பட்டை மயில்நீலத்தில் இருக்கட்டும் என்று சொன்னது அவன்தான்.

என் பெயர் இல்லை. டவர் எட்டாத வார்டிலிருந்து அளவுகளை வெளியே கொண்டுவரும் வழி என்னுடையது. அது இல்லாவிட்டால் பட்டை வெறும் மயில்நீல வளையல்.

இருபத்து நான்கு நாள் இருக்கிறது. கேட்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் சோதனை. வடசென்னையில், வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். சுவர் இரண்டரை அடி அகலம். பிரசவ வார்டுக்குள் நுழைந்ததும் போனில் டவர் கோடு ஒவ்வொன்றாகச் சாகும். மாடிப்படி ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும். இதை நேரில் வந்து பார்க்காமலே விஸ்வேஷ் ஒரு வருடம் ‘சிக்னல் ப்ராப்ளம்’ என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

என் வழி மிகவும் எளிது. பட்டை அளவுகளைத் தன்னிடமே சேர்த்து வைக்கும். பால், வெந்நீர், துணி, சாப்பாடு என்று ஏதாவது ஒன்றுக்காக ஒரு டிராலி அரை மணிக்கொரு தடவை வார்டைச் சுற்றுகிறது. அதன் அடியில் ஒரு சின்னப் பெட்டி. டிராலி கட்டிலைக் கடக்கும்போது பட்டை தன்னிடம் உள்ளதைப் பெட்டிக்குக் கொடுத்துவிடும். டிராலி ஜன்னல் பக்கம் போனதும் பெட்டி எல்லாவற்றையும் டவருக்கு அனுப்பிவிடும்.

டிராலி தள்ளுகிற அக்கா இன்று என்னைப் பார்த்ததும் வார்டு முழுக்கக் கேட்கும்படி, “வந்துட்டாங்கம்மா பெல்ட்டு மேடம்! எல்லாரும் கைய நீட்டுங்க, வளையல் போடப்போறாங்க” என்றார். பிள்ளை பெற்ற வலியிலும் எல்லோரும் சிரித்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். யாருக்கும் பயப்படாத வாய்.

“இன்னா மேடம், உங்க மொதலாளி ஒரு தபாவாச்சும் இந்தாண்ட வருவாரா, இல்ல வீட்டாண்டயே படம் வரைவாரா?”

“பிஸியா இருக்காருக்கா.”

“பிஸியா இருக்கட்டும். ஃபினாயில் வாசன அவருக்கு ஒத்துக்காது.”

டிராலியின் கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் ஏழெட்டுப் போன்கள். எல்லாம் நோயாளிகளுடையவை. உள்ளே டவர் இல்லாததால் அவர்கள் பேசிப் பதிவு செய்து இவரிடம் கொடுப்பார்கள். ஜன்னலைத் தாண்டும்போது எல்லாம் ஒன்றாக டிங் டிங் என்று அனுப்பிக்கொள்ளும். வந்த பதில்களோடு அடுத்த சுற்றில் கட்டிலுக்குக் கட்டில் திருப்பிக் கொடுப்பார். இதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. பார்ப்பதும் கண்டுபிடிப்பில் ஒரு பகுதிதான். விஸ்வேஷ் பார்க்கவில்லையே.

ஜூன் 9, திங்கள்

வாரக் கூட்டம். முதலீட்டாளர் வந்திருந்தார். டிராலி வழியை விஸ்வேஷ் அவருக்கு விளக்கினார். “ஒரு நாள் காலைல பெசன்ட் நகர் பீச்ல ஓடிட்டிருந்தேன் சார். திடீர்னு ஸ்ட்ரைக் ஆச்சு. டேட்டாவுக்கு எதுக்கு டவர்? டேட்டாவே நடந்து போகட்டுமே!”

முதலீட்டாளர் தொடையில் தட்டினார். நிகில், தானும் அப்போது பக்கத்தில் ஓடியதுபோல, தலையாட்டினான். விஸ்வேஷ் ஓடிய கடற்கரையில் டவர் பிரமாதமாகக் கிடைக்கும். அங்கே அந்த யோசனை வருவதற்கு எந்த அவசியமும் இல்லை.

பிறகு என்னைக் காட்டி, “இது பூ. எங்க டெஸ்டிங் ஸ்டார். ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சார், ஃபேமிலியிலயே” என்றார். என் பெயர் பூங்கோதை. அதில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை அவர் திருப்பிக் கொடுத்ததே இல்லை. முதலீட்டாளர் என்னைப் பார்த்து, நன்றாக நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

“சார்னு கூப்பிடாதே பூ, நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்பது விஸ்வேஷ் அடிக்கடி சொல்வது. அந்தக் குடும்பத்தில் காப்பிக் கோப்பை கழுவ மட்டும் ஒரு அட்டவணை உண்டு. பலகையில் இடம் கிடைக்காத என் பெயர் அதில் வாரத்துக்கு இரண்டு முறை வருகிறது, முழுசாக.

ஜூன் 10, செவ்வாய்

கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அப்பா போன் செய்தார்.

“பாப்பா, டீக்கடையில எல்லாரும் கேக்குறாங்க. மெட்ராசுல உன் பேர்ல பட்டா வருதாமே, எத்தன சென்ட்டுன்னு.”

“பட்டா இல்லப்பா. பேடண்ட்.”

“அதான், பட்டா.”

“நிலம் இல்லப்பா. புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சா அரசாங்கத்துல எழுதிக் குடுக்கிறது. சொத்து கம்பெனியோடது. கண்டுபிடிச்சவங்க பேரு மட்டும் தனியா ஒரு கட்டத்துல இருக்கும்.”

“அப்ப கம்பெனி பேர்ல பட்டா. பயிர் வச்சவன் பேரு அடங்கல்ல. அப்படித்தானே?”

அப்படியேதான். இரண்டு வருடமாக இதை எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் விளக்கியதில்லை. விஸ்வேஷ் இதற்கு நாற்பத்தெட்டுப் படம் காட்டினார்.

“உன் பேரு அடங்கல்ல ஏறிடுச்சா?”

“ஏறும்பா.”

“நம்ம பேரு ஏறல பாப்பா. அடுத்தவங்க நிலத்துல முப்பது வருசம் கடலை போட்டோம். ஏன் எழுதலன்னு கேட்டதுக்கு, அவங்கல்லாம் வேலையாளுங்கன்னு கணக்கப்பிள்ளை ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. நீ படிச்ச புள்ள. நின்னு எழுத வச்சிடு.”

ஜூன் 17, செவ்வாய்

விண்ணப்பத்தை யார் எழுதுவது என்று பேச்சு வந்தது. நிகில் ஒரு வாரம் முயன்று தலைப்பை எழுதியிருந்தான். அதிலும் ஒரு எழுத்துப் பிழை. “பூ, உன் இங்கிலீஷ் சிம்பிளா இருக்கும், நீயே போட்டுடு” என்றார் விஸ்வேஷ். கண்டுபிடிக்காதவள் எழுத வேண்டும், எழுதத் தெரியாதவர்கள் கண்டுபிடித்தவர்கள். நல்லது.

பேடண்ட் மொழி விசித்திரமானது. நாற்காலியை நாற்காலி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு ஒருவன் பெஞ்சு செய்து தப்பித்துவிடுவான். எனவே எல்லாவற்றையும் அகலமாகச் சொல்ல வேண்டும். முக்கியமான வாக்கியத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அளவுகளைச் சேமித்து வைத்து, ஒரு நபரால் தள்ளப்படும் வண்டியில் பொருத்திய இடைநிலைக் கருவியிடம் கொடுத்து, அவ்வண்டி டவர் எட்டும் இடத்தை அடையும்போது அனுப்பும் முறை.’

முதலில் ‘ஒரு பெண்ணால்’ என்றுதான் கை எழுதியது. தேவையில்லாமல் குறுகும் என்று அழித்தேன்.

ஜூன் 19, வியாழன்

பேடண்ட் ஏஜென்ட் வந்தார். எப்சிபா மேடம், பாளையங்கோட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். உட்காருவதற்கு விஸ்வேஷ், தரையில் கிடந்த ‘பீன் பேக்’ என்ற பஞ்சுமூட்டை ஒன்றைக் காட்டினார். “எழுந்திரிக்க ஆள் வரணும் தம்பி, ஒரு நாற்காலி போடுங்க” என்றார். அந்த நொடியே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பலகையைப் பார்த்து ஒவ்வொருவரிடமும், “நீங்க இதுல எந்தப் பகுதி?” என்று கேட்டார்.

“நான் ஓவரால் விஷன்” என்றார் விஸ்வேஷ்.

“விஷனுக்குப் படிவத்துல கட்டம் இல்ல. வேற?”

பட்டையின் முதல் வடிவத்தை அவர் செய்தது உண்மைதான். அதைச் சொன்னார். டாக்டர் போனில் வந்து, எந்த அளவு ஆபத்து என்பதை வகுத்துக் கொடுத்ததைச் சொன்னார். அதுவும் உண்மை. நிகிலிடம் கேட்டார். நிகில், “யூசர் எக்ஸ்பீரியன்ஸ்” என்றான்.

“அப்படின்னா?”

“ஃபீல், மேடம்.”

எப்சிபா மேடம் பேனாவால் ஒரு கோடு போட்டார். “டிராலி வரலேன்னா அளவு எவ்வளவு நேரம் பட்டையிலயே காத்திருக்கும்?”

விஸ்வேஷும் நிகிலும் மேலே பார்த்தார்கள், விடை மின்விசிறியில் இருப்பதுபோல. “ஆறு மணி நேரம்” என்றேன். அடுத்த கேள்விக்கும் நான்தான் சொன்னேன். அதற்கு அடுத்ததற்கும். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. விஸ்வேஷ், “பூ நல்லா படிச்சு வச்சிருக்கா” என்று சிரித்தார்.

போகும்போது மேடம் லிஃப்ட் வாசலில் என்னை நிறுத்தினார். “இதுல யாரு பேரும் தயவுல வர்றதில்ல, தயவுல போறதும் இல்ல. தப்பா சேர்த்தாலும் தப்பா விட்டாலும், நாளைக்கு எதிர்த்து வர்றவன் முதல்ல நோண்டுறது, கண்டுபிடிச்சவங்க பேரு எழுதுற படிவம் ஐந்தைத்தான். டிராலி விஷயம் என்னைக்கு, எங்க, எப்படித் தோணுச்சுன்னு நாளைக்குள்ள எனக்கு எழுதி அனுப்புங்க. ஒண்ணும் விடாம.”

ஜூன் 20, வெள்ளி

எழுதி அனுப்பினேன். நான்கு முறை திருத்தினேன். பிப்ரவரி 11, பிரசவ வார்டு, காலை பதினொன்றரை. டவர் கிடைக்காமல் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். போன்களை டிராலியில் கொண்டுபோகும் வழக்கத்தைக் கவனித்தேன். அதிலிருந்து இந்த முறையை உருவாக்கினேன்.

மூன்றாவது திருத்தத்தில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டேன். கடிதம் நீளமாகிக்கொண்டே போனது.

ஜூன் 23, திங்கள்

என் பெயர் ஏறிவிட்டது.

எப்சிபா மேடம் நிகிலையும் கனடாவையும் அடித்துவிட்டு மூன்று பெயர்களோடு படிவத்தை அனுப்பியிருந்தார். விஸ்வேஷ், மேடம் செய்ததைத் தான் செய்ததுபோல எழுந்து நின்று அறிவித்தார். “பூவும் இன்வென்டர்! எங்க கல்ச்சர் அது. இங்க யார் வேணா மேல வரலாம்.” யார் வேணா என்றபோது என் பக்கம் கை நீட்டினார். கேக் வெட்டினார்கள். நிகில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டான்.

படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருக்கிறார்கள். பூங்கோதை முத்தையன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பங்கு கேக்கில் பாதியை அப்படியே வைத்துவிட்டேன். கேக் பழசாக இருக்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் அப்பாவிடம் சொன்னேன். “ஏறிடுச்சுப்பா. உங்க பேரும் சேர்ந்து வருது.” அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்துச் சொன்னார். பிறகு கேட்டார்.

“மொத்தம் எத்தன பேரு கூட்டு?”

“மூணு பேருப்பா. மொதலாளி, ஒரு டாக்டரம்மா, நானு.”

“அந்தப் பொண்ணு?”

“எந்தப் பொண்ணு?”

“டிராலி தள்ளுமே ஒரு பொண்ணு. நீதான பாப்பா சொன்ன, மாசியில. அந்த பெல்ட்டையும் என் வண்டியில கட்டி உடு, ஜன்னலாண்ட போனா அதுவே பேசிக்கும்னு அது சொல்லுச்சாம். நீ விழுந்து விழுந்து சிரிச்ச. அப்புறம், அப்பா, அது சரியாத்தான் சொல்லுதுன்ன. அது பேரு இல்லியா?”

“அவங்க ஆஸ்பத்திரி வேலையாளுப்பா” என்றேன்.

அப்பா, “ஓ” என்றார். கோபம் இல்லை. கணக்கப்பிள்ளையிடமும் இப்படித்தான் “ஓ” என்று சொல்லிவிட்டு வந்திருப்பார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன்.

ஜூன் 25, புதன்

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். விஸ்வேஷைப் பற்றி எழுதியதெல்லாம் ரசித்து எழுதியிருக்கிறேன். கடற்கரை வரியை இரண்டு தடவை படித்தேன். அவர் யோசனைக்கு ஒரு கடற்கரையை வைத்துக்கொண்டார், நான் ‘கவனித்தேன்’ என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டேன். அவருடையதிலாவது கொஞ்சம் காற்று வந்தது.

பெட்டியைச் செய்தது நான். பட்டை எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, டிராலி வராவிட்டால் என்ன செய்வது, எல்லாம் நான் மூன்று மாதம் உட்கார்ந்து செய்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதினொன்றரை மணிக்கு நான் எதையும் கவனிக்கவில்லை. அழுகிற நிலையில் நின்றுகொண்டிருந்தேன். டிராலி அக்காதான் சொன்னார்.

மத்தியானம் எப்சிபா மேடத்துக்குப் போன் செய்தேன்.

“மேடம், நான் அனுப்பினதுல ஒண்ணு விட்டுப் போச்சு.”

“விட்டுப் போச்சா, விட்டீங்களா?”

“விட்டேன்.”

அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. “பட்டையை வண்டியில கட்டு, ஜன்னல்கிட்ட போனா அனுப்பும். நாம உரிமை கேக்குற முதல் வரியே, முதல் க்ளெய்மே, இதுதானம்மா. அந்த அம்மா பேரு என்ன?”

“டிராலி அக்கா மேடம்.”

“படிவத்துல அக்கான்னு போட முடியாது. முழுப் பேரு, விலாசம், கையெழுத்து. நாளைக்கு மதியம் ரெண்டு மணிக்குள்ள. அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது.”

பிறகு விஸ்வேஷிடம் போனேன். முழு வாக்கியத்தையும் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். அதனால் நடுவில் நிற்காமல் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பூ, சீரியஸா? என் மச்சான் பேரையே எடுத்தாச்சு. டிராலி தள்றவங்க பேர் உள்ள, அவன் பேர் வெளியன்னு தெரிஞ்சா எனக்கு வீட்ல சோறு கிடைக்குமா? அவங்க ஜோக்கா ஏதோ சொன்னாங்க. நாளைக்கு லிஃப்ட் ஆபரேட்டர் பேரும் போடுவியா?”

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார்.

“அவ்ளோ மனசு உறுத்துதுன்னா உன் பேரை எடுத்துட்டு அவங்க பேரைப் போட்டுக்கோ. என்ன சொல்றே?”

“சரி” என்றேன்.

நான் பேச்சை விட்டுவிட்டேன் என்று அவர் புரிந்துகொண்டார். “குட் கேர்ள்” என்று சிரித்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

ஜூன் 26, வியாழன்

விடுப்பு சொல்லாமல் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து, என்ன சொல்வது என்று அடுக்கினேன். ஒன்றும் நிற்கவில்லை. பட்டை இல்லாமல் நான் அந்த வார்டுக்குள் போனது இதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா துணி ஏற்றிக்கொண்டிருந்தார். “இன்னா மேடம், வெறுங்கையா? வளையல் கடைய மூடிட்டீங்களா?”

“உங்களத்தான்கா பாக்க வந்தேன்.”

“என்னையா? தோடா!” கையிலிருந்த போர்வையை மடித்து அடுக்கினார். “சீக்கிரம் சொல்லு, சிஸ்டர் கத்தும்.”

டிராலியைத் தள்ளினார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஒவ்வொரு கட்டிலாகப் போன்கள் தட்டில் விழுந்தன. பிப்ரவரியில் அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“சொன்னேன், நீகூட சிரிச்சியே. அப்பால நெசமாவே பொட்டிய கொண்டாந்து கட்டிட்ட. எங்க வூட்டுக்காரருகிட்டகூட சொன்னேன், கம்பேனிக்காரங்களுக்கே நான்தான் ரோசன குடுத்தேன்னு. போடின்னுட்டாரு.”

“அது நிஜம்கா.”

“எது?”

“நீங்கதான் யோசனை குடுத்தீங்க. அரசாங்கத்துல அதை எழுதிக் குடுக்கணும். இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள.”

டிராலி ஜன்னல் பக்கம் வந்து நின்றது. போன்கள் ஒவ்வொன்றாகச் சத்தம் போட ஆரம்பித்தன. அக்கா அவற்றைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். முகத்திலிருந்த கேலி போய்விட்டது.

“இன்னா எழுதப்போற? நான் ஒண்ணும் தப்பா சொல்லலியே மேடம். இங்க எங்கள மாதிரி ஆளுகிட்ட பேப்பர எடுத்துகினு வந்தாங்கன்னா கம்ப்ளெயின்ட்டுக்குத்தான் வருவாங்க. நான் பத்து வருசமா ஒரு கம்ப்ளெயின்ட்டு வாங்கினதில்ல.”

“கம்ப்ளெயின்ட் என் மேலதான்கா” என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஐந்து மாதமாக வாரம் இரண்டு நாள் பார்க்கிறேன். கேலி செய்திருக்கிறார், டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஒரு தடவை நான் மயங்கி விழப் பார்த்தபோது இதே டிராலியில் உட்கார வைத்துத் தள்ளியிருக்கிறார். இதைக் கேட்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பேனாவைத் திறந்து, காகிதத்தை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

“என் பேரு பூங்கோதை. உங்க பேரு எனக்குத் தெரியாதுக்கா, மன்னிச்சிடுங்க. இனிஷியலோட சொல்லுங்க.”